பிரேசிலில் ஒரு பாம்புத் தீவு இருக்கிறதாம். நாம் இருப்பது எதில்? (புனைபெயர்களில் நடந்த இணைய உரையாடல்)

ஹப்புத்தளை மூடுபனி:

பிரேசிலின் சாவோ பாவுலோ கரையிலிருந்து ஏறத்தாழ 33 கிலோமீற்றர் தொலைவில் கெய்மாடா கிராண்டே என்று ஒரு சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. மொத்தப் பரப்பே 43 ஹெக்டேயர்தான். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்தபோது பெருநிலத்திலிருந்து அது துண்டிக்கப்பட்டது. அங்கே அகப்பட்டுக்கொண்ட ஒரு குழிவிரியன் இனம், வலசை வந்து இறங்கும் பறவைகளைப் பிடித்துத் தின்றே காலம் தள்ளி, பொன்னிறம் பெற்றுத் தனி இனமாகிவிட்டது. கடிபட்ட பறவை பறந்துபோய்க் கடலில் விழுந்துவிட்டால் பாம்புக்குப் பட்டினி. அதனால் பறவையை அந்த இடத்திலேயே வீழ்த்தும் விஷம். கடற்படையும் அனுமதி பெற்ற ஆய்வாளர்களும் தவிர வேறு எவரும் அங்கே கால்வைக்கக் கூடாதென்று அரசாங்கம் தடை போட்டிருக்கிறது. 'சதுர மீற்றருக்கு ஒரு பாம்பு' என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

என் கேள்வி இதுதான். நாமும் தீவில்தான் வாழ்கிறோம், இலங்கையில். இந்த மலையில் மட்டும் இருக்கிற, வேறெங்கும் இல்லாத பாம்புகள் நமக்கும் உண்டா? உண்டென்றால் அவற்றுக்கும் நமக்கும் என்ன உறவு? பிரேசில்காரர்கள் தீவைப் பூட்டிவிட்டார்கள். நம்மால் பூட்டிவிட்டு எங்கே போக முடியும்?

வெற்றுக்காம்பரா:

தம்பி, பிரேசிலுக்குப் போக வேண்டாம். எங்கள் லயத்துக் (தோட்டத்து வரிசை வீடுகள்) கக்கூஸுக்குப் பின்பக்கம் வாருங்கள். கடற்படை அனுமதியும் தேவையில்லை.

மருந்துப்பெட்டி:

'சதுர மீற்றருக்கு ஒரு பாம்பு' என்பது சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லும் கதை. ஆய்வாளர்களின் மதிப்பீடு 2,000 முதல் 4,000 வரை. 43 ஹெக்டேயரை அதனால் வகுத்துப் பாருங்கள், ஒரு பாம்புக்கு நூறு சதுர மீற்றருக்கு மேல் வருகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறேழு பேர் படுத்துறங்கும் நமக்கு அந்தப் பாம்பைப் பார்த்துப் பொறாமைதான் வர வேண்டும்.

அந்தத் தீவில் 1909இல் ஒரு வெளிச்சவீடு கட்டினார்கள், காவலர்களும் குடியிருந்தார்கள். பிறகு விளக்கைத் தானியங்கியாக்கிவிட்டு ஆட்களை எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு அங்கே கடிபட ஆளில்லை. பாம்புக்குத்தான் ஆபத்து. கள்ளத்தனமாகப் பிடித்து விற்கிறார்கள், அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. ஆளில்லாத இடத்தில் உறவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

நம் தீவைப் பாருங்கள். 2012, 2013இல் நாடெங்கும் வீடுவீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். ஓராண்டில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடித்திருக்கிறது. அதில் 30,000 பேருக்கு விஷம் ஏறியிருக்கிறது, 400 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். பெரும் பங்கு வறண்ட வலயத்தின் வயற்காரர்களுடையது. மலையில் கடி குறைவு, ஆனால் நமக்கு வாய்த்த பாம்புகள் வேறு. அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது கை வலிக்கிறது.

இன்னொன்று. அந்தப் பொன்னிறப் பாம்புக்குப் பெருநிலத்தில் ஒரு நெருங்கிய உறவுப் பாம்பு இருக்கிறது. அதன் விஷம் இரத்த அழுத்தத்தை ஏன் குறைக்கிறது என்று 1960களில் பிரேசில்காரர்கள் ஆராயப்போய், அதன் வழியே பிறந்ததுதான் கப்டொப்ரில் மாத்திரை. பிரஷருக்கென்று தோட்டத்துக் கிழவர்களுக்கு நானே எத்தனையோ முறை எண்ணிக் கொடுத்திருக்கிறேன். பாம்பென்றாலே காறித் துப்புகிறவர்களும் மறுக்காமல் வாங்கி விழுங்கினார்கள்.

மண்புழு:

மூடுபனி அண்ணனின் முதல் கேள்விக்கு விடை: உண்டு, ஏராளமாக உண்டு. இலங்கையில் நூற்றுக்கு மேற்பட்ட பாம்பினங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ பாதி வேறெங்கும் இல்லாதவை. அந்தப் பாதியிலும் பெரும் பங்கு ஈர வலயத்திலும் மலையிலும்தான்.

நாம் தீவென்றால் கடலை மட்டும் நினைக்கிறோம். பனியுகக் காலங்களில் பாக்கு நீரிணை வற்றி, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பலமுறை தரைவழி திறந்திருக்கிறது. நாகமும் கண்ணாடி விரியனும் இரண்டு கரையிலும் இருப்பதில் வியப்பில்லை. ஆனால் மலைப் பாம்புக்கு அந்த வழி திறந்தும் பயனில்லை. குளிரும் ஈரமும் இல்லாமல் அதனால் வாழ முடியாது. வழியெங்கும் காய்ந்த சமவெளி, வவுனியாவும் மன்னாரும் போல. அந்தச் சமவெளிதான் அதற்குக் கடல். 2004இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இலங்கைக்கும் இடையே தவளை, நன்னீர் நண்டு, மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு ஆகியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். தரைவழி திறந்திருந்த காலத்திலும் இவை பெரும்பாலும் கலக்கவேயில்லை.

இன்னும் உள்ளே போனால் நக்கிள்ஸ் ஒரு தீவு, ஹோட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலையும் ஒரு தீவு, இறக்குவானை மலை ஒரு தீவு. சிவனொளிபாதமலைப் பக்கத்தில் கண்டெடுத்து 2017இல் பெயரிட்ட ஒரு குட்டிப் பாம்புக்கு இராவணன் பெயரை வைத்திருக்கிறார்கள். பத்துத் தலையான் பெயரைத் தாங்கும் அந்தப் பாம்பு மண்புழு தின்று பிழைக்கிறது. அதன் பல் உங்களை ஒன்றும் செய்யாது, விஷமும் இல்லை. அந்தப் பேரினமே இலங்கைக்கு வெளியே கிடையாது.

கேடயவாலை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், 'இருதலைப் பாம்பு' என்று அடித்தும் இருப்பீர்கள். கான் (வடிகால்) வெட்டும்போது, மரக்கறித் தோட்டத்தில் மண் கிளறும்போது வெளியே வரும். தலை கூராக இருக்கும், கண் ஒரு புள்ளி. வால் மழுங்கி, சீவிவிட்டது போல முடியும். அந்த முனையில் சொரசொரப்பான ஒரு தகடு, அதில் எப்போதும் மண் அப்பியிருக்கும். உள்ளே போகும்போது பின்னால் வருகிறவனுக்கு அந்தத் தகடுதான் அடைப்பு. வெயிலில் பிடித்தால் கரிய உடம்பில் நீலமும் ஊதாவும் ஓடும். கையில் எடுத்தால் விரலைச் சுற்றிக்கொண்டு அமைதியாக இருக்கும், கடிக்காது. குட்டி போடும், முட்டையிடாது. இலங்கையில் இருக்கும் இந்தக் குடும்பத்துப் பாம்புகள் எல்லாமே இந்தத் தீவுக்கு மட்டும் சொந்தமானவை. சில இனங்களுக்கு ஒரேயொரு மலைத்தொடர்தான் உலகம்.

வெற்றுக்காம்பரா:

இருதலைப் பாம்பு தீண்டினால் குட்டம் வரும் என்று எங்கள் அப்பாயி சொல்வார்.

மண்புழு:

அப்பாயியிடம் சொல்லுங்கள், வராது.

கொழுந்துக்கூடை:

வாசித்துக்கொண்டு வந்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் சாதுப் பாம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? செடிக்கு மேல் இருப்பதைப் பற்றி யாராவது எழுத வேண்டாமா? நானே எழுதுகிறேன்.

பச்சை விரியன். தேயிலைச் செடியின் முதிர்ந்த இலைக்கும் அதற்கும் நிறத்தில் வேறுபாடு கிடையாது. பச்சை உடம்பில் கறுப்புக் கோலம், நிழலும் இலையும் கலந்து கிடப்பது போலவே இருக்கும். அது ஓடாது, சீறாது. வாலால் கிளையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை எஸ் வடிவில் மடித்துக்கொண்டு அப்படியே கிடக்கும். கொழுந்து பறிக்கிறவளின் கண் கொழுந்தில்தான் இருக்கும், விரலும் அங்கேதான் போகும். இரண்டு கையும் மாறி மாறி ஓடும்போது எது இலை, எது பாம்பு என்று பார்க்க நேரம் எங்கே? பேருக்கு எத்தனை கிலோ என்று கங்காணி சொல்லிவிட்டுப் போயிருப்பார். அளவு குறைந்தால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம்.

என் அம்மாவுக்குச் சுட்டுவிரலில் கடித்தது. நெருப்புப் பட்டது போலிருந்ததாம். கூட நின்ற பெண்கள் தலைத்துண்டைக் கிழித்து முழங்கைக்கு மேலே இறுக்கிக் கட்டினார்கள். ஒருத்தி வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவினாள். லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு ஸ்டோருக்குப் போயிருந்தது, அது திரும்பி வரும்வரை காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கை தோள்வரை வீங்கி, வளையலை வெட்டித்தான் எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த விரலின் நுனி இன்றைக்கும் மடங்காது. தோட்ட நிர்வாகம் ஒரு வாரச் சம்பளத்துக்கே மூக்கால் அழுதது.

கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். செடியைத் தட்டையாக வெட்டித் தள்ளும்போது ஒளிய இடமில்லாமல் பாம்பு வெளியே வரும். கவ்வாத்துச் சாமிக்குப் படையல் போடாமல் எங்கள் மலையில் கத்தி எடுக்க மாட்டார்கள். அதைச் சிரிக்கிறவர்கள் ஒரு நாள் வந்து வெட்டிப் பார்க்கட்டும்.

ஹப்புத்தளை மூடுபனி:

அக்கா, பச்சை விரியனும் இலங்கைக்கு மட்டும் உரியதா?

மண்புழு:

ஆம், இலங்கைக்கு மட்டும் உரியது. ஆகவே கண்ட இடத்தில் வெட்டிப்போடாமல், ஒரு நீளக் கம்பால் தூக்கிப் பக்கத்துக் காட்டில் விட்டால் போதும். அது மிக மந்தமான பாம்பு. துரத்தி வந்து கடிக்கும் வழக்கமே இல்லை. இது தேயிலைச் செடிக்கு வந்த பாம்பு அல்ல. இது இருந்த காட்டுக்குத்தான் தேயிலை வந்தது. 1830களிலிருந்து கோப்பிக்காகக் காட்டை வெட்டினார்கள், 1869இல் இலைநோய் வந்து கோப்பி படுத்தது, அந்த இடத்தில் தேயிலையை நட்டார்கள். மிஞ்சிய உயரமான பச்சை தேயிலைதான் என்று பாம்பு அதில் ஏறிக்கொண்டது.

கொழுந்துக்கூடை:

தம்பி மண்புழு, நீங்கள் படித்த பிள்ளை, அக்கறையோடுதான் சொல்கிறீர்கள். ஆனால் காட்டை வெட்டியது எங்கள் பாட்டன் இஷ்டத்துக்கா? அவர்களைத் தலைமன்னாரில் இறக்கி மாத்தளைவரை காட்டு வழியாக நடத்திக்கொண்டு வந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. வெட்டு என்றார்கள், வெட்டினார்கள். இப்போது பாம்பின் வீட்டைப் பறித்தவர்கள் நாங்கள் என்பது போல ஒலிக்கிறது.

கம்பால் தூக்கிக் காட்டில் விடுவது யார்? கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருத்தி பாம்பைச் சுமந்துகொண்டு போனால் அவள் கொழுந்தை யார் பறிப்பது? எங்கள் நிரையில் பாம்பைக் கண்டால் சத்தம் போடுவோம், கங்காணி வருவார், கத்தி வரும். இதுதான் நடக்கிறது. வேறு விதமாக நடக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கச் சொல்லுங்கள்.

மண்புழு:

வெட்டியவர்களின் மேல் நான் குற்றம் சொல்லவில்லை, அக்கா. ஆள் வைக்க வேண்டும் என்ற யோசனை நல்லது, அதை நானும் கேட்கிறேன். கத்தி வேண்டாம் என்று மட்டும் தொடர்ந்து சொல்வேன்.

லிந்துலை லீக்ஸ்:

இத்தனை சண்டை எதற்கு? தோட்டத்துக்குப் பத்துக் கீரியைப் பிடித்து விடுங்கள். பாம்புத் தொல்லை தானாகத் தீரும். வெளிநாட்டுத் தீவுகளில் இப்படிச் செய்திருக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன்.

மருந்துப்பெட்டி:

செய்தார்கள் ஐயா, செய்து பட்டார்கள்! ஜப்பானின் ஒகினாவாத் தீவில் ஹபு என்று ஒரு கொடிய விரியன். அதை ஒழிக்க 1910இல் கீரியைக் கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்து அமாமித் தீவிலும் 1979இல் விட்டார்கள். ஹபு இரவில் திரியும். கீரி பகலில் திரியும். இரண்டும் சந்திக்கவே இல்லை. கீரி என்ன செய்யும்? அமாமிக்கே உரிய அபூர்வ முயலையும் பறவையையும் பிடித்துத் தின்றது. பிறகு அந்தக் கீரியை ஒழிக்கப் பொறி, நாய், ஆட்கள் என்று ஆண்டுக்கணக்கில் செலவழித்து, 2024 செப்டெம்பரில்தான் 'அமாமியில் கீரி இல்லை' என்று அறிவித்தார்கள். ஹபு இன்றும் அங்கே சுகமாக இருக்கிறது.

நம்மிடம் கீரி ஏற்கெனவே இருக்கிறது என்பதை லீக்ஸ் மறந்துவிட்டார். அது உங்கள் கோழிக்கூட்டுக்குத்தான் முதலில் வரும்.

மண்புழு:

மேற்கிந்தியத் தீவுகளிலும் இதே கூத்து. 1872இல் கரும்புத் தோட்டத்து எலிக்காக ஜமேக்காவுக்குக் கீரியைக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து மற்றத் தீவுகளுக்கும் பரவியது. அன்டிகுவாவில் எவருக்கும் தீங்கு செய்யாத ஒரு சிறு பாம்பு, கீரியாலும் எலியாலும் பெருந்தீவில் அழிந்தேபோனது. 1995இல் கரைக்கு அப்பால் ஒரு குட்டித் தீவில் ஐம்பது அளவில்தான் எஞ்சியிருந்தன. எலியை ஒழித்து, பக்கத்துத் தீவுகளிலும் கொண்டுபோய் விட்டு, இன்றைக்கு ஆயிரத்துக்கு மேல் பெருக்கியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறு பசிபிக் தீவான குவாம். அங்கே பாம்புதான் வந்தேறி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இராணுவச் சரக்கோடு பழுப்பு மரப்பாம்பு வந்திறங்கியது. பாம்பையே அறியாத பறவைகள் கூட்டில் உட்கார்ந்தபடியே விழுங்கப்பட்டன. காட்டில் வாழ்ந்த 12 வகைப் பறவைகளில் 10 குவாமிலிருந்து மறைந்துபோயின. பறவை போனதும் காட்டில் சிலந்தி பெருகியது. பாம்பு மின்கம்பத்தில் ஏறி அடிக்கடி கரண்டைத் துண்டிக்கிறது.

மருந்துப்பெட்டி:

குவாமுக்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்தையும் சொல்லிவிடுங்கள். பரசிட்டமோல்! நாம் தடிமனுக்கும் தலையிடிக்கும் போடும் பனடோல்தான். 80 மில்லிகிராம், அதாவது நம் ஒரு மாத்திரையில் ஆறில் ஒரு பங்கு, அந்தப் பாம்பைக் கொல்லப் போதும். செத்த எலிக்குஞ்சுக்குள் அதை வைத்து, ஹெலிகொப்டரிலிருந்து காட்டின் மேல் போடுகிறார்கள். எலிக்குஞ்சு மரக்கிளையில் சிக்கித் தொங்க வேண்டும் என்பதற்காகச் சிறு காகிதக் குடை கட்டிப் போடுகிறார்கள். பனடோல் எல்லா நோய்க்கும் என்று நம் ஆட்கள் நம்புவதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

நயினாதீவான்:

நான் யாழ்ப்பாணத் தீவகத்துக்காரன், இப்போது நுவரெலியாவில் ஆசிரியராக இருக்கிறேன். தீவு, பாம்பு என்று இத்தனை கதைக்கிறீர்கள், நயினாதீவை எவரும் சொல்லவில்லையே என்று வந்தேன். எங்கள் நாகபூசணி அம்மனுக்குப் பூசைக்குப் பூ கொண்டுவந்தது ஒரு நாகம் என்பது ஐதீகம். பக்கத்துப் புளியந்தீவிலிருந்து வாயில் பூவைக் கவ்விக்கொண்டு கடலில் நீந்தி வருமாம். ஒருநாள் கருடன் வழிமறிக்க, அது கடலில் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது, கருடன் எதிரே இன்னொரு கல்லில் காத்திருந்தது. அவ்வழியே கப்பலில் வந்த வணிகன் ஒருவன் இரண்டுக்கும் சமாதானம் செய்துவைத்தான். அந்த இரண்டு கல்லையும் இன்றும் காட்டுவார்கள். அதே தீவில் பௌத்தர்களின் நாகதீப விகாரையும் இருக்கிறது. அங்கே புத்தர் வந்து இரண்டு நாக அரசர்களின் சண்டையைத் தீர்த்துவைத்தார் என்பது அவர்கள் நம்பிக்கை. பாம்பை நடுவில் வைத்துச் சமாதானம் பேசுவது எங்கள் தீவுக்குப் பழகிப்போன வேலை.

அதற்காக எங்கள் ஊரில் பாம்பு சாது என்று நினைத்துவிடாதீர்கள். குடாநாட்டில் கண்ணாடி விரியனும், மணற்பாங்கில் சுருட்டை விரியனும், பாயில் படுத்தவனை இரவில் தேடி வரும் கட்டு விரியனும் உண்டு. கட்டு விரியன் கடித்தது பலருக்குத் தெரிவதேயில்லை, விடிந்து பார்த்தால் கண்ணிமை திறக்காது. நுவரெலியாவுக்கு வந்த புதிதில் காலையில் சப்பாத்தைத் தட்டிப்பார்த்துத்தான் போடுவேன். இந்தக் குளிரில் எதற்கு என்று சக ஆசிரியர் சிரித்தார். இப்போது விட்டுவிட்டேன்.

வால்பாறையான்:

எங்கள் தாத்தா இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்தில் மஸ்கெலியாவிலிருந்து கப்பலேறியவர். நாங்கள் இப்போது தமிழ்நாட்டு வால்பாறையில், அதே தேயிலை, அதே கூடை. கொழுந்துக்கூடை அக்கா எழுதியதைப் படித்ததும் அத்தையின் ஞாபகம் வந்தது. இங்கேயும் செடிக்குள் பச்சையாக ஒரு குழிவிரியன் இருக்கிறது. ஆனால் அது உங்களுடைய பச்சை விரியன் அல்ல. எங்களுடையதற்குத் தலையிலும் உடம்பிலும் செதில் பெரிது, அது தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் உரியது. மண்புழு தம்பி சொன்ன காய்ந்த சமவெளிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கடிபடும் விரல் மட்டும் ஒரே குடும்பத்து விரல்.

இன்னொரு செய்தி. உங்கள் நாட்டு ஆஸ்பத்திரியில் பாம்புக் கடிக்குப் போடும் ஊசி எங்கள் நாட்டிலிருந்துதான் வருகிறது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. பாம்பைப் பிடித்து, சட்டி வாய்க்குத் துணி கட்டிப் பராமரித்து, சில முறை விஷம் எடுத்த பிறகு திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். இந்தியாவில் மருந்து செய்கிற கம்பெனிகளுக்கு விஷம் பெரும்பாலும் அங்கிருந்துதான் போகிறது. அந்த இருளர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு பேரை 2017இல் அமெரிக்காவுக்கு அழைத்துப்போனார்கள். புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு பெருகி அங்குள்ள விலங்குகளைத் தின்று தீர்க்கிறது. கீ லார்கோ என்ற தீவில், பழைய ஏவுகணைத் தளத்தின் இடிபாட்டுக்குள்ளிருந்து பதினாறடிப் பெண் மலைப்பாம்பை இவர்கள் இழுத்துப்போட்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருந்துப்பெட்டி:

வால்பாறையான் சரியான இடத்தில் கைவைத்துவிட்டார். நான் எழுத நினைத்ததே இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

விஷமுறிவு மருந்தைக் குதிரையில் செய்கிறார்கள். பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பது. எந்தப் பாம்பின் விஷத்தை ஏற்றினார்களோ அந்தப் பாம்புக்கும் அதன் நெருங்கிய உறவுக்கும்தான் அந்த மருந்து கேட்கும். நம் வார்டில் இருப்பது இந்திய மருந்து. அதில் நான்கு பாம்புகள்: நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். எல்லாம் இந்திய மண்ணில் பிடித்தவை.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். இலங்கையில் மிக அதிகம் கடிப்பது எது? நாகமா? கண்ணாடி விரியனா? இல்லை. கோப்பி விரியன். ஒரு முழம்கூட இருக்காது. காய்ந்த இலையின் நிறம், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும், தலை முக்கோணம். கான் ஓரத்தில், விறகுக் கட்டுக்கு அடியில், சருகுக்குள் சுருண்டு கிடக்கும். குட்டியாக இருக்கும்போது வால் நுனியைப் புழு போல ஆட்டித் தவளையை அருகே வரவழைக்கும். மிதித்தால் பாதத்தில் போடும். இதில் மூன்று இனங்கள், இரண்டு இலங்கைக்கு மட்டும் சொந்தம், அவற்றில் ஒன்று மலைக்காரன். அந்த நான்கு பாம்புப் பட்டியலில் இது இல்லை. அந்த மருந்து இதற்குக் கேட்காது.

பெரும்பாலானவர்களுக்கு வீக்கமும் கொப்புளமும் வலியும் வந்து ஆறிவிடும். சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் பழுதாகும், டயலிசிஸ் வரை போகும். அபூர்வமாக உயிரும் போகிறது. இதற்கென்று மருந்து இல்லாததால் வருகிற சிக்கலை ஒவ்வொன்றாகச் சமாளிப்பதுதான் வைத்தியம்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கோப்பி விரியனைக் கண்ணாடி விரியன் என்று தவறாகச் சொல்லிக் கொண்டுவருவார்கள். டொக்டரும் நம்பி இந்திய மருந்தை ஏற்றினால் பாம்பு விஷத்துக்குப் பயன் இல்லை, மருந்தின் ஒவ்வாமை மட்டும் மிச்சம். நம் நாட்டில் அந்த மருந்துக்கு ஒவ்வாமை வருவது மிகச் சாதாரணம். உடம்பு தடித்து, மூச்சு இழுத்து, பிரஷர் விழுந்து ஆட்டிப் படைத்துவிடும். அதனால்தான் மருந்துக்கு முன் சிறு அளவு அட்ரினலின் போடுகிறார்கள். அது உதவுகிறது என்று நம் நாட்டு வார்டுகளிலேயே சோதித்து 2011இல் நிரூபித்தார்கள்.

பட்டியலில் உள்ள பாம்பாக இருந்தாலும் தீவுக்காரன் தீவுக்காரன்தான். இலங்கைக் கண்ணாடி விரியன் இரத்தத்தோடு நிற்காமல் நரம்பையும் தாக்கும், கண்ணிமை தொங்கிவிடும். இந்தியாவின் பல பகுதிகளில் இதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. ஆகவே இந்தத் தீவின் பாம்புக்கு இந்தத் தீவின் விஷத்திலேயே மருந்து செய்ய வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகமும் கோஸ்டாரிகாவின் குளோடோமிரோ பிகாடோ நிறுவனமும் சேர்ந்து இலங்கைப் பாம்புகளுக்கென்றே ஒரு மருந்தை உருவாக்கின. கோப்பி விரியனின் விஷத்தையும் அதில் சேர்த்தார்கள். ஆய்வுகூட முடிவுகள் 2016இல் வெளிவந்தன, நன்றாகவே இருந்தன. ஆய்வுகூடத்திலிருந்து வார்டுக்கு வருகிற வழிதான் நீளம். கோப்பி விரியன் கடிபடுகிறவன் வெறுங்காலோடு கானில் நிற்கும் ஏழை. அவனுக்காக மருந்து செய்து எந்தக் கம்பெனி பணம் பார்க்கப் போகிறது?

மூடுபனி தம்பி, பிரேசில் தீவைப் பூட்டியது போல நம்மால் பூட்ட முடியாதென்றீர்கள். நான் ஊசி பற்றி இத்தனை எழுதியது அதனால்தான். பூட்ட முடியாத தீவில் குதிரைச் சீரம் சரியாக இருக்க வேண்டும்.

கொழுந்துக்கூடை:

ஐயா, அம்மாவுக்கு ஊசி போடாமல் சேலைன் மட்டும் ஏற்றி, மணிக்கொரு முறை இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்துச் சனம் என்பதால் மருந்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று அன்றைக்கு அப்பா வார்டில் சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

மருந்துப்பெட்டி:

அப்பாவின் கோபம் எனக்குப் புரிகிறது மகளே, நம் சனத்துக்கு அப்படிச் சந்தேகப்படக் காரணங்கள் நிறைய உண்டு. ஆனால் அன்றைக்கு அவர்கள் செய்தது சரியான வைத்தியம். பச்சை விரியனும் அந்த நான்கில் இல்லை. இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. இயந்திரமே தேவையில்லாத சோதனை. துண்டை இறுக்கிக் கட்டியதுதான் தப்பு. வீக்கம் வரும் கையில் கட்டுப் போட்டால் சதை அழுகிப்போகும். விரல் மடங்காமல் போனதற்கு அந்தக் கட்டும் ஒரு காரணமாக இருக்கலாம். மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கையைக் காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். லொறிக்குக் காத்திருக்கும் காலம் போய்விட்டது.

வெற்றுக்காம்பரா:

அம்புலன்ஸ் வரும், எங்கள் மலைக்கு ரோட்டு வராது. பெரிய ரோட்டுவரை கம்பளியில் கட்டித்தான் தூக்க வேண்டும்.

மருந்துப்பெட்டி:

கம்பளியில் கட்டித் தூக்குவது நல்லதுதான். நடக்க வைக்காமல் இருந்தால் சரி. தூக்கும்போதே ஒருவர் போன் அடித்துவிட வேண்டும்.

லிந்துலை லீக்ஸ்:

புல்லுக்கு மருந்து அடிக்காமல் விட்டதிலிருந்துதான் எங்கள் பக்கம் எல்லாம் கூடிவிட்டது. 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லியைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையை விலக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் மலையெல்லாம் இடுப்பளவு புல். பாம்பு, அட்டை, குளவி எல்லாவற்றுக்கும் கொண்டாட்டம்.

கொழுந்துக்கூடை:

களைகொல்லி மட்டும் காரணம் இல்லை. ஆள் குறைந்து, பல மலைகளைக் கவனிக்காமலே விட்டுவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் எங்கள் பெண்கள் பாம்புக்குப் பயப்படுவதைவிடக் குளவிக்குத்தான் பயப்படுகிறார்கள். பாம்பு ஒருத்தியைக் கடிக்கும். குளவி நிரையையே விரட்டும். பாம்புக்கு அம்மா இப்போதும் ஒரு வழி வைத்திருக்கிறார். மட்டக்கம்பால் செடியின் மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் கையை நீட்டுவார். காலுக்குத்தான் வழி இல்லை. பூட்ஸ் கேட்டுச் சங்கத்தில் மனுக் கொடுத்து, அது கிடப்பிலேயே கிடக்கிறது.

மண்புழு:

கோப்பி விரியன் கடியில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலிலும்தான். பூட்ஸ் கிடைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும், அக்கா. அந்த மனுவில் மருந்துப்பெட்டி ஐயா எழுதியதையும் சேர்த்துக் கொடுங்கள். பாம்பை அடிக்காமல் இருக்கச் சொல்கிற எனக்கும் அதில் ஒரு கையெழுத்துக்கு இடம் வையுங்கள்.

கொழுந்துக்கூடை:

உங்களுக்கு முதல் வரிசையில் இடம்.

ஹப்புத்தளை மூடுபனி:

அவசரம். இப்போது எங்கள் வீட்டுக் குப்பைக் குழிக்குள் ஒன்று இருக்கிறது. பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம் இருக்கும், கரும்பழுப்பு நிறம். தலைக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, மூக்கு தூக்கியில்லை. பக்கத்தில் வெள்ளையாக ஆறேழு முட்டை. அம்மா விளக்குமாற்றோடு நிற்கிறார்.

மண்புழு:

நான் முன்பே எழுதிய இராவணன் பாம்பின் சொந்தக்காரனாக இருக்க வேண்டும். மண்புழு தின்கிறவன், குப்பைக் குழியின் சூட்டில் முட்டை வைப்பான், கடிக்கத் தெரியாதவன். உலகத்தில் நம் மலையில் மட்டும்தான் இருக்கிறான். இருந்தாலும் கையால் தொடாமல், படத்தை மட்டும் தூரத்திலிருந்து எடுத்து அனுப்புங்கள். முட்டை பொரியும்வரை குழியைக் கிளறாமல் மூடி வையுங்கள்.

ஹப்புத்தளை மூடுபனி:

அம்மா கேட்கவில்லை.

மண்புழு:

அம்மாவிடம் போனைக் கொடுங்கள்.